இரங்கூனில் மொழி பயின்ற ஜட்சன்

யாங்கோன் பல்கலைக்கழக வளாகத்தில் ஜட்சன் பெயரால் அமைந்த தேவாலயத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். அப்பெயருக்குரிய அதோனிராம் ஜட்சன் 1788ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். சமயப் பணிக்கெனத் தம் துணைவியார் ஆன் அம்மையாருடன் 1812இல் கல்கத்தா வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரை அங்கே தங்கவிடவில்லை. மொரீசியஸ் சென்று, பின்னர்ச் சென்னைக்கு வந்து, அங்கும் வெளியேற்றப்படுவோம் என்றஞ்சி, புறப்படவிருந்த ஒரு கப்பலில் ஏறினார். அக்கப்பல் இரங்கூன் செல்வது. பின்னாளில் நம் முன்னோர் பலர் கடந்த அதே கடலைக் கடந்து, 1813 ஜூலையில் அத்தம்பதியர் இங்கு வந்திறங்கினர். அப்போது இந்நகரம் பர்மிய மன்னரின் ஆட்சியில் இருந்தது.

ஜட்சனுக்கு வாய்த்த ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. மாணவருக்கோ பர்மியம் தெரியாது. ஆகவே ஜட்சன் ஒவ்வொரு பொருளாகச் சுட்டிக்காட்டுவார். ஆசிரியர் அதன் பெயரைச் சொல்லுவார். பனையோலைச் சுவடிகளிலோ சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியின்றி எழுத்துகள் தொடர்ந்து ஓடின. ஒலிப்பு அதனினும் கடினம். 'லா' என்னும் ஓசை, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப நிலவு என்றும், வருதல் என்றும், கோவேறு கழுதை என்றும் பொருள்படும். இதில் இடறாத அயல்நாட்டவர் உண்டோ?

பெண்ணுக்குக் கற்பிப்பது தமக்கு இழுக்கென அவ்வாசிரியர் முதலில் கருதினாராம். எனினும், வீட்டு நிர்வாகத்தை ஏற்றுப் பணியாளருடன் நாளெல்லாம் பேச வேண்டியிருந்த அம்மையாரே அன்றாடப் பேச்சில் கணவரை முந்தினார். இலக்கணம் வல்ல கணவர் பின்தங்கியே நின்றார். நம் இல்லத்தரசியர் இதனைப் படித்து மகிழ்வார்களாக!

1819இல் ஷ்வேடகோன் பகோடாவுக்குச் செல்லும் வழியருகே, இந்நாட்டு வழக்கப்படி 'ஸயாட்' என்னும் சாவடி ஒன்றை எழுப்பி, வழிப்போக்கருடன் அமர்ந்து உரையாடத் தொடங்கினார். ஆனால் 1824இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபோது, ஆவா நகரில் இருந்த அவரை ஒற்றரென ஐயுற்றுச் சிறையில் அடைத்தனர். அவர்தம் மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படியை அம்மையார் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் சேர்ப்பித்தார். விலங்கிட்ட அரசே பின்னர்ச் சமாதானப் பேச்சுக்கு அவரை மொழிபெயர்ப்பாளராக்கியது. போர் முடிந்த 1826ஆம் ஆண்டிலேயே அம்மையார் மறைந்தார். ஜட்சன் தளராது மோல்மினில் பணியைத் தொடர்ந்து, 1834இல் விவிலிய மொழிபெயர்ப்பை முடித்தார்.

1845இல், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் தாயகம் சென்றார். அவர் பேச்சைக் கேட்க மக்கள் திரண்டனர். நோயால் குரல் மங்கியிருந்தது; அவர் மெல்லச் சொன்னதைப் பிறர் உரக்கத் திருப்பிச் சொல்ல நேர்ந்தது. அதுமட்டுமன்று. பர்மியத்திலேயே சிந்தித்துப் பழகியவருக்குத் தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் மேடையுரை ஆற்றுவதே அரிதாகியிருந்தது. வாரந்தோறும் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துவரும் பெற்றோர் இச்செய்தியை என்ன மனத்துடன் படிப்பார்களோ!

மீண்டும் பர்மா திரும்பிய அவர் அகராதிப் பணியில் மூழ்கினார். ஆங்கிலம்–பர்மிய அகராதி 1849இல் வெளிவந்தது. 1850 ஏப்ரல் 12 அன்று கடற்பயணத்தில் உயிர் நீத்தார். உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. எஞ்சியிருந்த பர்மியம்–ஆங்கிலப் பகுதியை உடன்பணியாளர் நிறைவு செய்து 1852இல் வெளியிட்டனர்.