மார்செல் புரூஸ்ட்

மார்செல் புரூஸ்ட் (சூலை 10, 1871 – நவம்பர் 18, 1922) புகழ் பெற்ற பிரெஞ்சுப் புதின எழுத்தாளர் ஆவார். ஏழு பகுதிகளைக் கொண்ட இழந்த காலத்தைத் தேடி என்னும் புதினம் இவரது முதன்மைப் படைப்பு. ஒன்பது வயதில் தொடங்கிய ஆஸ்துமா (ஈளை நோய்) இவரது உறக்கம், நட்பு, மனநிலை, எழுத்து ஆகிய அனைத்தையும் பாதித்தது.

இளமை

பாரிசின் ஓத்தேய் பகுதியில் பிறந்தார். தந்தை அட்ரியன் புரூஸ்ட், காலரா பரவலைத் தடுக்கப் பாடுபட்ட புகழ் பெற்ற மருத்துவர். தம்பி ரொபேரும் பின்னாளில் மருத்துவரானார். 1881 இல் குடும்பத்தாருடன் பூலோஞ் பூங்காவில் உலாவித் திரும்பும்போது புரூஸ்டுக்கு முதன்முதலாகக் கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டது. அன்று முதல் தாயின் அரவணைப்பில் அச்சத்துடன் வளர்ந்தார்.

நோயும் மருத்துவமும்

ஆஸ்துமா ஒரு நரம்பு நோய் என்பதே அக்கால மருத்துவர் பலரின் கருத்து. 1896 இல் பிரிசோ என்னும் மருத்துவர் ஆஸ்துமா நோயாளிகளுக்காக எழுதிய நூலுக்கு முன்னுரை அளித்தவர் புரூஸ்டின் தந்தையே. மறு ஆண்டு தந்தை, மற்றொரு மருத்துவருடன் இணைந்து நரம்புத் தளர்ச்சி பற்றியும் நூல் எழுதினார். இதனால் மகனின் மூச்சுத்திணறலும் மனத்தின் பலவீனமாகக் கருதப்பட்டது.

1903 இல் தந்தையும் 1905 இல் தாயும் இறந்தனர். தாயின் மறைவால் நிலைகுலைந்த புரூஸ்ட், அவ்வாண்டின் இறுதியில் மருத்துவர் சொலியேயின் நரம்பு நோய் மருத்துவமனையில் சேர்ந்து ஏறத்தாழ ஆறு வாரங்கள் தங்கினார். ஆஸ்துமா குணமாகவில்லை.

வாழ்க்கை முறை

1906 இன் இறுதியில் ஓஸ்மான் பெருஞ்சாலையில் உள்ள வீட்டில் குடியேறினார். தெருவின் ஓசை நுழையாதிருக்க 1910 இல் படுக்கையறைச் சுவர்களுக்குத் தக்கை பதிக்கப்பட்டது. சாளரங்கள் எப்போதும் மூடியே இருந்தன. ஊமத்தை இனச் செடிகளின் இலை கலந்த மருந்துத் தூளை எரித்து அப்புகையைச் சுவாசித்தார். பகலில் உறங்கி இரவில் எழுதினார். உறக்கத்துக்கு வெரோனல் மாத்திரையும், விழித்திருக்கக் காப்பியும் காஃபீனும் தேவைப்பட்டன. பூக்களை மிக விரும்பியும், வண்டியின் மூடிய கண்ணாடி வழியாகவே அவற்றைக் காண நேர்ந்தது. அரங்குக்குச் செல்ல இயலாத நாட்களில் இசை நாடகங்களைத் தொலைபேசி வழியாகக் கேட்டார். 1907 முதல் 1914 வரை கோடைகாலங்களைக் கபூர் கடற்கரையில் கழித்தார்.

எழுத்து

புதினத்தின் முதற்பகுதி 1913 இல் அவரது சொந்தச் செலவில் வெளியானது. இரண்டாம் பகுதி 1919 இல் கொன்கூர் பரிசைப் பெற்றது. மூன்றாம் பகுதியில் ஒரு மருத்துவர், கதைசொல்லியின் பாட்டிக்கு வந்திருப்பது வெறும் நரம்புக் கோளாறு எனக் கூறி அவரை வெளியே உலாவச் சொல்கிறார். அவ்வாறு சென்ற இடத்தில் பாட்டி பக்கவாதத்தால் தாக்கப்படுகிறார். உடல் நோயை மனநோயாகக் கொள்வதன் ஆபத்தை இப்பகுதி காட்டுகிறது.

இறுதிக்காலம்

1922 இலையுதிர் காலத்தில் நுரையீரல் அழற்சி ஏற்பட்டது. தம்பி வற்புறுத்தியும் மருத்துவமனைக்குச் செல்ல மறுத்தார். இறப்பதற்கு முந்தைய இரவிலும் பணிப்பெண் செலஸ்ட் அல்பாரேயிடம் திருத்தங்களைச் சொல்லி எழுதச் செய்தார். தமது 51 ஆவது வயதில் காலமானார். எஞ்சிய பகுதிகள் 1927 வரை வெளிவந்தன.

இன்றைய பார்வை

ஆஸ்துமா மூச்சுக்குழாய்களில் நீடிக்கும் அழற்சி என்பது இன்று தெளிவாகியுள்ளது. அழற்சியைக் கட்டுப்படுத்தும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் 1970களில்தான் புழக்கத்துக்கு வந்தன. புரூஸ்டுக்கு அவை கிட்டவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் பிறரைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. மனக்கலக்கம் மூச்சுத்திணறலைத் தூண்டலாம். மூச்சுத்திணறலும் அச்சத்தை வளர்க்கும். ஆகவே நோயாளியின் மனத்துயரைக் கவனிப்பதும் மருத்துவத்தின் பகுதியே. ஆனால் அத்துயரையே நோய்க்குக் காரணமாக்குவது பிழையாகும்.