சுவரைக் கிறுக்கிய குழந்தைகளால் மாறிய வகுப்பறை: யார் இந்த மரியா மாண்டிசோரி?

தெருவுக்குத் தெரு ‘மாண்டிசோரி’ போர்டு பார்த்திருப்பீங்க. அது பிராண்ட் பெயர் இல்லை, ஒரு டாக்டரின் பெயர். இன்று ப்ரீ-ஸ்கூல்களில் நாம் பார்க்கும் குட்டி நாற்காலி, கைக்கு எட்டும் அலமாரி, தாழ்வான வாஷ்பேசின் எல்லாம் பரவியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தாலியின் கியாரவல்லே ஊரில் 1870 ஆகஸ்ட் 31-ல் பிறந்தார் மரியா. பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோமில் டாக்டர் ஆனார். வேலைக்காக மனநலக் காப்பகங்களுக்குப் போனபோது, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் அங்கே அடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். கையில் எடுத்து விளையாட ஒரு பொருள்கூட இல்லாத வெற்று அறை! இவர்களுக்குத் தேவை மருந்தைவிடக் கல்விதான் என்று முடிவு செய்தார். 1900-ல் இந்தக் குழந்தைகளுக்காக ரோமில் தொடங்கிய பள்ளியை, சக மருத்துவர் மொண்டெசானோவுடன் சேர்ந்து நடத்தினார். அங்கே படித்த சிலர் பொதுத் தேர்வையே பாஸ் பண்ணினார்கள். ஊரே ஆச்சரியப்பட்டது. மரியாவுக்கோ வேறு கேள்வி: அப்படியென்றால் சாதாரணப் பள்ளியில் குழந்தைகளைத் தடுப்பது எது?

பதில் தேட வாய்ப்பு கிடைத்தது ஒரு ரியல் எஸ்டேட் பிரச்சினையால்! ரோமின் ஏழைகள் பகுதியான சான் லொரென்சோவில் ஒரு நிறுவனம் பழைய குடியிருப்புகளைப் புதுப்பித்திருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனதும், குழந்தைகள் சுவரைக் கிறுக்கி, மாடிப்படியைப் பாழாக்கினார்கள். இவர்களைப் பார்த்துக்கொள்ள அந்தக் கட்டடத்திலேயே ஓர் அறையை ஒதுக்கி, மரியாவை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-ல் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தது.

அன்றைய பள்ளிகளில் பெஞ்ச்சைத் தரையோடு பொருத்தி வைப்பது வழக்கம். குழந்தை அசையக் கூடாது, அவ்வளவுதான். மரியா இதைத் தலைகீழாக்கினார். நான்கு வயதுக் குழந்தையே தூக்கி நகர்த்தும் எடையில் மேசை, நாற்காலி செய்யச் சொன்னார். கீழே விழுந்து சத்தம் வந்தால் வரட்டும், அடுத்த முறை கவனமாக நடப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஒருநாள் பூட்ட மறந்த அலமாரியைக் குழந்தைகளே திறந்து, வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதன்பிறகு உயரமான, பூட்டிய அலமாரிக்குப் பதிலாகத் தாழ்வான திறந்த அலமாரி வந்தது.

இவ்வளவுக்கும் நடுவே அவர் சொந்த மகன் மரியோ எங்கோ கிராமத்தில் வளர்ந்துகொண்டிருந்தான். திருமணமாகாமல் 1898-ல் பெற்ற மகன். வெளியே தெரிந்தால் வேலையே போகும் காலம். தாயோடு அவன் வந்து சேர்ந்தபோது பதின்வயது ஆகிவிட்டது.

முசோலினி அரசோடு மோதல் வந்து 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1939-ல் மகனோடு வந்து இறங்கிய இடம் நம்ம சென்னை அடையாறு! தியோசபிகல் சொசைட்டி வளாகத்தில், ஓலைக் கொட்டகைகளில், சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் ‘எதிரி நாட்டவர்’ ஆனார்கள். மரியோவை பிரிட்டிஷ் அரசு முகாமில் அடைத்தது. தாயின் 70-வது பிறந்தநாளுக்குத்தான் விடுவித்தது. பிறகு கொடைக்கானலிலும் சில வருடங்கள் இருந்தார்கள்.

1952 மே 6-ல் நெதர்லாந்தின் நோர்ட்வைக் ஊரில் மரியா காலமானார். அடுத்த பல வருடங்கள் அவர் பணியைத் தொடர்ந்து நடத்தியவர் மரியோ.