காகத்தின் கரைதலில் தொடங்கிய பாடம்

மழலையர் வகுப்பில் பயிலும் என் பேத்தி, ஆங்கிலப் பாடல்களைப் பொருள் அறியாமலேயே ஒப்பிக்கிறாள். கேட்கும்போதெல்லாம் ஜான் அமோஸ் கொமேனியஸ் என் நினைவுக்கு வருகிறார்.

1592-இல் மொராவியாவில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். 16 வயதில்தான் லத்தீன் பள்ளியில் சேர்ந்தார். இன்றைய ஆங்கிலத்தைப்போல அன்று உயர்கல்விக்கும் உயர்பதவிக்கும் வாயில் லத்தீன். அதைப் பொருளறியா மனப்பாடமாகப் புகட்டிய முறையை மாற்றுவதே அவரது வாழ்நாள் பணியாயிற்று.

மதப் போர் அவரை நாடற்றவராக்கியது. கொள்ளைநோய் மனைவியையும் இரு குழந்தைகளையும் பறித்தது. 1656-இல் போலந்தின் லெஷ்னோ நகரம் எரிந்தபோது, பல்லாண்டு உழைப்பில் உருவான கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. ஆயினும், 1658-இல் நியூரம்பர்க்கில் அவரது படநூல் வெளியானது. காகத்தின் கரைதலில் எழுத்தொலியைத் தொடங்கி, படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, லத்தீன் சொல்லோடு ஜெர்மன் சொல்லையும் அருகருகே வைத்தார். மறு ஆண்டே அது ஆங்கிலத்திலும் வந்தது.

முதலில் பொருள், பிறகு சொல். முதலில் தாய்மொழி, பிறகு அயல்மொழி என்பதே அவரது நெறி. 1670-இல் ஆம்ஸ்டர்டாமில் மறைந்தார்.

பொருளியல் கற்பித்தவன் நான். ஆங்கிலத்துக்காகப் பெற்றோர் செலுத்தும் கட்டணத்தைக் கணக்கிட முடிகிறது. பொருள் புரியாமல் குழந்தை இழக்கும் ஆர்வத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?