மோட்டாரை வயலின் வாசிக்க வைத்த தமிழர்: நோபலுக்கு முன் சர் சி.வி.ராமன் செய்தது என்ன?

கரையான்சாவடி, பூந்தமல்லி, ஆவடி பக்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீங்க. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுழலும். அடிக்க ஆள் இல்லாமலேயே முரசும் மணியும் முழங்கும். சுமார் 100 வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி மோட்டாரை வைத்து ஒரு தமிழர் வயலினையே வாசிக்க வைத்தார். அவர்தான் சர் சி.வி.ராமன். ஒளி ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன் பல வருஷம் அவர் ஆராய்ந்தது ஒலியை!

வீட்டிலேயே இருந்த இசை

1888 நவம்பர் 7-ம் தேதி திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். வயலின் மேல் பெரிய ஈடுபாடு உள்ளவர். 1907-ல் ராமன் மணந்த லோகசுந்தரி வீணை வாசிப்பார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்த கையோடு, நிதித்துறைத் தேர்வில் தேறி கொல்கத்தாவில் அரசு அதிகாரியானார். கை நிறையச் சம்பளம். ஆனாலும் மனசு ஆய்விலேயே இருந்தது. பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கு ஆபீஸ் போகும் முன்பும், ஆபீஸ் முடிந்த பின்பும் போய் பரிசோதனை செய்தார். 1917-ல் அரசு வேலையையே விட்டுவிட்டு, கிட்டத்தட்ட பாதி சம்பளத்துக்கு கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

மோட்டார் எதற்கு?

வயலின் தந்தியில் வில் உரசும்போது சரியாக என்ன நடக்கிறது? இதுதான் ராமனின் கேள்வி. 1918-ல் இதற்கான கணிதக் கோட்பாட்டை விரிவாக எழுதி வெளியிட்டார். ஆனால் அதைச் சோதித்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் இரண்டு முறை வில் போட முடியாது. அளந்து பார்க்க வேண்டுமானால் கைக்குப் பதிலாக இயந்திரம் வேண்டும்.

அதனால் 1920 வாக்கில் ஒரு வயலின் இயந்திரத்தை உருவாக்கினார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வில் நகராது, வயலின்தான் நகரும். ஒரு தொட்டிலில் பொருத்திய வயலினை மின்சார மோட்டார் முன்னும் பின்னும் ஒரே சீராக இழுக்கும். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் வேகம் மாறும். வில் மீது எடை வைத்து அழுத்தத்தையும் வேண்டிய அளவுக்கு மாற்றலாம்.

என்ன தெரிந்தது?

தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை வாத்தியக்காரர்கள் குதிரை என்பார்கள். வில் குதிரைக்குப் பக்கத்தில் போகப் போக, நல்ல நாதம் வருவதற்குத் தேவையான அழுத்தம் கிடுகிடுவென ஏறுகிறது. வில்லின் வேகம் கூடினாலும் அழுத்தம் கூட வேண்டும். வயலினின் மரப்பெட்டி தானாகவே அதிரும் சில சுரங்களில் அதைவிட அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. வித்வான்களின் விரலுக்குப் பழக்கத்தில் தெரிந்த விஷயம் இது. ராமன் அதை எண்களாகவும் வரைபடமாகவும் காட்டினார். மனிதக் கைக்குப் பதிலாக இயந்திர வில் வைத்துச் சோதிக்கும் முறையை வயலின் ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

மிருதங்கத்துக்குக் கிடைத்த மரியாதை

ராமன் வயலினோடு நிற்கவில்லை. தோல் கருவிகளின் அதிர்வுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகாது, அதனால் அவற்றில் தெளிவான சுரம் பிறக்காது என்பதுதான் அன்றைய இயற்பியல் பாடம். மிருதங்கமும் தபலாவும் அதற்கு விதிவிலக்கு என்று 1920-ல் காட்டினார். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணைதான் காரணம். தோலின் 9 வகை அதிர்வுகளை அது 5 ஒத்திசைவான சுரங்களாகச் சேர்த்து வைக்கிறது. இதை 1934-ல் விரிவாக விளக்கினார். வீணை, தம்புராவின் குதிரை வளைந்து அகலமாக இருப்பதால்தான் அந்தத் தனி நாதம் வருகிறது என்றும் 1921-ல் எழுதினார். நம் கருவிகளைச் செய்த கைவினைஞர்கள் காதாலேயே கண்டுபிடித்ததை, உலக அறிவியலின் மொழியில் பதிவு செய்தார் ராமன்.

ஒலியிலிருந்து ஒளிக்கு

1921-ல் முதல்முறையாக இங்கிலாந்து போனார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் கிசுகிசுத்தால்கூட எதிர்ப்பக்கம் கேட்கும் மாடத்தை அங்கேயும் விடாமல் ஆராய்ந்தார். அதே கடல் பயணத்தில் கடலின் நீலநிறம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு, 1954-ல் பாரத ரத்னா என்று புகழ் வளர்ந்தது. 1970 நவம்பர் 21-ம் தேதி பெங்களூரில் காலமானார்.

ஒவ்வொரு பிப்ரவரி 28-லும் தேசிய அறிவியல் தினத்தில் ராமனின் ஒளி ஆராய்ச்சியைப் பேசுகிறோம். அந்த ஒளிக்கு வருவதற்கு முன், ஒரு மோட்டாரையும் வயலினையும் வைத்துக்கொண்டு அவர் காது கொடுத்துக் கேட்ட வருஷங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் ராமனின் கதை முழுமையாகும்.