பக்கத்தில் அமர்ந்து புகழ் பெற்றவர்: பாலக்காடு மணி ஐயர்

நம் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் கொட்டுச் சத்தம் கேளாதவர் இல்லை. கோயில் திருவிழா என்றால் தவில், மலாய்க்காரர் திருமணம் என்றால் கொம்பாங், பக்கீர்மார் வந்தால் தப்ஸ். ஆனால் கொட்டியவர் பெயரைக் கேட்டு வைப்பவர் குறைவு. மாலையும் பேரும் பாடினவருக்கே போகும். அந்த வழக்கத்தைத் தம் பத்து விரல்களால் மாற்றிக் காட்டியவர் மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் அவர்கள்.

அன்னார் 1912-இல் கேரளத்தில் பிறந்தார். தந்தை சேஷம் பாகவதர் ஒரு பாடகர். சிறு வயதிலேயே சாத்தபுரம் சுப்பையரிடம் மிருதங்கம் பயின்றார். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் இளைஞரின் திறமையைக் கண்டு தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் பாடம் கேட்டார். பேர் பரவிய பிறகும் கற்பதை விடவில்லை.

அவர் வெறும் தாளக் கணக்கு மட்டும் வாசிக்கவில்லை. பாட்டின் சொல்லும் நடையும் போகும் வழியே அவர் கையும் போகும். அடங்க வேண்டிய இடத்தில் அடங்கிவிடும். சில இடங்களில் வாசிக்காமலே இருப்பார். ஒலிபெருக்கி வந்தபோது மிருதங்கத்தின் நயமான நாதம் கெடுகிறது என்று எதிர்த்து நின்றார். பிடிவாதக்காரர்தாம். பெண்களின் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்றும் நெடுங்காலம் இருந்தார். பிற்பாடு டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்து அந்த வழக்கத்தையும் விட்டார்.

அந்த நாதத்துக்குப் பின்னே இன்னொருவர் கையும் இருந்தது. தஞ்சாவூரில் பர்லாந்து என்ற கிறிஸ்தவத் தொழிலாளி அவருக்குப் பல ஆண்டுகள் மிருதங்கம் செய்து கொடுத்தார். பலா மரத்தைக் குடைந்து, மாடு, ஆடு, எருமைத் தோல்களைப் பதம் பார்த்து, வார் இழுத்துக் கட்டுவது லேசான வேலையன்று. இன்ன நாதம் வேண்டும் என்று ஐயர் கேட்பார். அது வரும்வரை பர்லாந்து பாடுபடுவார். ஐயர் தோலை வாசித்தார். அந்தத் தோலைத் தொட்டுப் பதமாக்கியவரையோ ஊர் தள்ளியே வைத்தது.

1965-இல் எடின்பரோ விழாவில் ஐயர் வாசித்தார். 1966-இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 1971-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1981 மே 30-ஆம் நாள் காலமானார். உமையாள்புரம் சிவராமன், பாலக்காடு ரகு போன்ற மாணவர்கள் அவர் பேரை விளங்கச் செய்தார்கள்.

மிருதங்கம் செய்தவர்களுக்கோ மேடையும் இல்லை, பட்டமும் இல்லை. டி.எம். கிருஷ்ணா என்ற பாடகர் அவர்களைப் பற்றி 2020-இல் ஒரு நூல் எழுதிய பிறகுதான் வெளியார் பலருக்கு அவர்கள் பெயர் தெரிந்தது.

பக்கத்தில் அமர்ந்தவருக்கும் மரியாதை உண்டு என்று மணி ஐயர் வாழ்க்கை காட்டியது. அவருக்கும் பின்னால் அமர்ந்து உழைத்தவரை மறக்காதிருப்பது நம் கடமை. நம் கடைகளிலும் தோட்டங்களிலும் இப்படிப் பெயர் தெரியாமல் உழைத்தவர் எத்தனை பேர் என்று சகோதரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.