சுஜாதா (எழுத்தாளர்)

சுஜாதா (மே 3, 1935 - பெப்ரவரி 27, 2008) என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன், தமிழ் எழுத்தாளரும் மின்னணுப் பொறியாளரும் திரைப்பட உரையாடல் ஆசிரியரும் ஆவார். அறிவியலை எளிய தமிழில் விளக்கியதற்காகவும் அறிவியல் புனைகதைகளை வார இதழ் வாசகர்களிடம் கொண்டு சேர்த்ததற்காகவும் பெரிதும் அறியப்படுகிறார். தமிழ்த் திரைப்படங்களில் அறிவியல் எந்த அளவுக்குச் சரியாகக் காட்டப்படுகிறது என்ற விவாதத்தில் விக்ரம் (1986), எந்திரன் (2010) ஆகிய படங்களுடன் இவர் பெயரும் தவறாமல் இடம்பெறுகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தைக்கு அடிக்கடி பணிமாற்றம் ஏற்பட்டதால் திருவரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலில் இளநிலைப் பட்டமும், பின்னர் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம். ஐ. டி.யில் மின்னணுவியலும் பயின்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமும் இவ்விரு கல்லூரிகளில் பயின்றவரே.

படிப்பு முடிந்ததும் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றினார். அதன் பிறகு பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து ஓய்வு பெறும் வரை அங்கு இருந்தார். அந்நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்தமைக்காக வாஸ்விக் விருது பெற்றார். 2004 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் இவ்வகை இயந்திரங்களே பயன்படுத்தப்பட்டன. கதைகளில் கற்பனை இயந்திரங்களைப் படைத்த ஒருவர், பிழை நேரக்கூடாத ஓர் உண்மையான இயந்திரத்திலும் உழைத்திருக்கிறார் என்பது இவரது அறிவியல் எழுத்தைப் படிக்கும்போது நினைவில் கொள்ளத்தக்கது.

குமுதம் இதழில் ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதி வந்ததால், பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார்.

அறிவியல் எழுத்து

ஜூனியர் விகடனில் வாசகர்களின் ஐயங்களுக்கு இவர் அளித்த பதில்கள் ஏன்? எதற்கு? எப்படி? என்ற தலைப்பில் நூலாயின. மனித மூளையைப் பற்றிய தலைமைச் செயலகம், கணினிச் சில்லுகளைப் பற்றிய சிலிக்கான் சில்லுப் புரட்சி ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. ஊடகங்கள் வழியாக அறிவியலைப் பரப்பியமைக்காக 1993 இல் தேசிய அளவிலான விருது பெற்றார்.

அறிவியலோடு வைணவ இலக்கியத்திலும் இவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. ஆழ்வார்கள்: ஓர் எளிய அறிமுகம் என்ற நூலில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் (பழைய பெயர் குருகூர்) அவதரித்த நம்மாழ்வார் உள்ளிட்டோரை இக்கால வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். கடினமான ஒன்றைப் பாமரருக்கும் விளங்கும்படி சொல்லும் முறை இவ்விரு துறைகளிலும் ஒன்றாகவே இருக்கிறது.

புனைகதைகளில் இயற்பியல்

கொலையுதிர் காலம் நாவலில், பேய் என்று கருதப்படும் உருவத்துக்கு ஹோலோகிராம் எனப்படும் முப்பரிமாண ஒளிப்படிமம் ஒரு விளக்கமாக முன்வைக்கப்படுகிறது. ஹோலோகிராம் உண்மையான தொழில்நுட்பமே. அதைக் கண்டறிந்த டென்னிஸ் கேபர் 1971 இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அப்படிமத்தைக் காண்பவர் அது பதிவான தகட்டை நோக்கியே பார்க்க வேண்டும். ஒளியைச் சிதறடிக்க எதுவுமில்லாத வெறும் காற்றில் ஓர் உருவத்தை நிறுத்தி, நான்கு பக்கமும் இருந்து பார்க்கச் செய்ய இயலாது. நாவலில் இந்த விளக்கம் முற்றாக வெற்றி பெறுவதில்லை. வழக்கறிஞர் கணேஷும் உதவியாளர் வசந்தும் இறுதிவரை உடன்படாமலே இருக்கிறார்கள். இந்த இடைவெளியை வேண்டுமென்றே விட்டதில்தான் நாவலின் வலிமை இருக்கிறது எனலாம்.

ஆனந்த விகடனில் தொடராக வந்த என் இனிய இயந்திரா, 2021 ஆம் ஆண்டுவாக்கில் நடப்பதாக 1980களில் எழுதப்பட்டது. இதிலும் நாட்டை ஆளும் ஜீவா ஒரு ஹோலோகிராம்தான். எனினும் வாசகர் மனத்தில் நின்றது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியே. அது புத்தகம் படித்துத் தானே கற்றுக்கொண்டு, தனக்கு இடப்பட்ட கட்டளைகளைத் தாண்டிச் சிந்திக்கத் தொடங்குகிறது. ஒளியியலில் சலுகை எடுத்துக்கொண்ட இந்நாவல், கற்கும் இயந்திரம் குறித்து எழுப்பிய கேள்விகளில் காலத்தை முந்தியிருந்தது. இதன் தொடர்ச்சி மீண்டும் ஜீனோ.

திரைப்படங்கள்

தமிழில் வேற்றுக்கிரகவாசிகள் 1963 இலேயே, எம். ஜி. ஆர். நடித்த கலை அரசி படத்தில் வந்துவிட்டார்கள். அவர்கள் பூமிக்கு வந்தது தங்கள் கிரகத்தாருக்கு இசை கற்பிக்க ஒருவரை அழைத்துச் செல்வதற்காக. அப்படம் இயற்பியலைப் பற்றிக் கவலைப்படவில்லை. பார்த்தவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

சுஜாதா எழுதிய விக்ரம், கமல்ஹாசன் தயாரித்து நடிக்க, ராஜசேகர் இயக்கத்தில் வெளியானது. கடத்தப்பட்ட அக்னிபுத்ரா என்ற கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை மீட்கும் கதை. மீட்கச் செல்லும் உளவாளியுடன் கணினி வல்லுநரான ஒரு பெண்ணும் அனுப்பப்படுகிறார். இதற்குக் காரணம் உண்டு. இத்தகைய ஏவுகணையின் இயந்திரம் எரிவது முதல் சில நிமிடங்கள் மட்டுமே. பிறகு அது எறியப்பட்ட கல்லைப் போலப் புவியீர்ப்பின் வழியே செல்கிறது. ஆகவே எங்கு விழும் என்பதை முன்கூட்டிய கணக்கீடே தீர்மானிக்கிறது. கணினியை நேரில் கண்டவர்களே குறைவாக இருந்த காலத்தில், ஏவுகணையின் உயிர்நிலை வெடிமருந்தில் மட்டும் இல்லை, அதை வழிநடத்தும் நிரலிலும் இருக்கிறது என்று கதை அமைத்தது பொறியாளரின் பார்வை. படத்தின் பிற்பகுதியில் கற்பனை நாடான சலாமியாவின் அரண்மனைக் காட்சிகள் இதை மறைத்துவிட்டன என்பது வேறு. இந்தியாவின் உண்மையான அக்னி ஏவுகணை, கலாம் தலைமையிலான திட்டத்தின் கீழ், மே 22, 1989 அன்று முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது.

ரோஜா, இந்தியன், முதல்வன், அந்நியன், சிவாஜி உள்ளிட்ட பல படங்களிலும் இவர் பணியாற்றினார். அவற்றில் அறிவியலுக்கு அதிக இடமில்லை. 1968 இல் வெளியான 2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்தில் ஆர்தர் சி. கிளார்க், இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்குடன் சேர்ந்து திரைக்கதையை எழுதினார். காற்றற்ற விண்வெளியில் ஓசை பரவாது என்ற உண்மையை அப்படம் மதித்தது. தமிழில் உரையாடல் ஆசிரியருக்கு அத்தகைய அதிகாரம் வழக்கமாகக் கிடைப்பதில்லை.

எந்திரன் 2000 ஆண்டளவில் ரோபோ என்ற பெயரில் கமல்ஹாசன் நடிக்கத் திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்டது. பின்னர் ரஜினிகாந்த் நடிக்க, ஷங்கர் இயக்கத்தில் 2008 பெப்ரவரியில் படப்பிடிப்புத் தொடங்கியது. அதே மாதம் 27 ஆம் நாள் சுஜாதா சென்னையில் காலமானார். எஞ்சிய உரையாடல்களை ஷங்கரும் மதன் கார்க்கியும் எழுதினர். படம் அக்டோபர் 1, 2010 அன்று வெளியானது.

இப்படத்தின் அறிவியல் இரு தரத்தில் அமைந்துள்ளது. ஏவியவர் சொன்னால் சிட்டி மனிதரையும் தாக்கும் என்பதால் மதிப்பீட்டுக் குழு அதற்கு அனுமதி மறுக்கும் பகுதி, ஐசக் அசிமோவ் 1942 இல் வகுத்த இயந்திர மனித விதிகளை ஒட்டியது, தர்க்கம் பிசகாதது. சிட்டி காந்தமாக மாறி அரிவாள்களை இழுக்கும் காட்சி அப்படியன்று. சிறு காந்தத்திலிருந்து தூரம் இருமடங்கானால் காந்தப்புலம் எட்டில் ஒன்றாகக் குறையும். ஒரு சிறு இரும்புத்துண்டின் மீதான இழுவிசையோ நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இறுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் இணைந்து உருவாகும் ராட்சத வடிவங்களுக்கும் கலிலியோ காலத்திலேயே அறியப்பட்ட ஒரு தடை உண்டு. உருவம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் குறுக்குவெட்டு நான்கு மடங்குதான் ஆகும். இணைப்புகள் தம் எடையாலேயே பிய்ந்துவிடும்.

இக்காட்சிகளில் எவை சுஜாதாவின் எழுத்திலிருந்து வந்தவை என்று படத்தைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது. பெயர் வரிசையில் உரையாடலுக்கு மூவரின் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றுள்ளது.