களிமண்ணை வைத்து பெட்ரோல் எடுத்தவர்: யார் இந்த யூஜின் ஹூட்ரி?

1892-ல் பாரிஸ் அருகே டொமோன் என்ற ஊரில் பிறந்தவர் யூஜின் ஹூட்ரி. அப்பாவுக்கு எஃகுத் தொழில். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் காயம்பட்டுத் திரும்பியவர், பேசாமல் அப்பாவின் தொழிலைப் பார்த்திருக்கலாம். ஆனால் இவருக்கு கார் பந்தயப் பைத்தியம். நல்ல பெட்ரோல் தேடிக் கிளம்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் கனமான எண்ணெயை சூட்டாலும் அழுத்தத்தாலும்தான் உடைத்தார்கள். வினையூக்கியால் உடைக்கலாம் என்று நம்பிய ஹூட்ரி, நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்தார். கைகொடுத்தது, அமிலத்தில் பதப்படுத்திய களிமண்! சிக்கல் என்னவென்றால், சற்று நேரத்திலேயே அதன்மேல் கரி படிந்து படுத்துவிடும். காற்றைச் செலுத்தி கரியை எரித்தால் மறுபடி வேலை செய்யும். அவருடைய முறையின் சூட்சுமமே இதுதான்.

பிரான்ஸ் அரசு கைவிட்டதால் 1930-ல் அமெரிக்கா போனார். 1937-ல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் சன் ஆயில் நிறுவனத்தின் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கான உயர்ரக பெட்ரோலுக்கு இந்த முறை பெரிதும் உதவியது. டி கோலை ஆதரித்ததற்காக விஷி அரசு இவரது குடியுரிமையைப் பறித்ததும், 1942-ல் இவர் அமெரிக்கர் ஆனதும் தனிக்கதை.

கரியை எரிக்கலாம், உலோகத்தை என்ன செய்வது? கச்சா எண்ணெயில் துளித்துளியாக வரும் நிக்கலும் வனேடியமும் வினையூக்கியிலேயே தங்கிவிடும். நிக்கல் தேவையில்லாமல் கரியையும் ஹைட்ரஜனையும் பெருக்கும். வனேடியம் இன்னும் மோசம். நீராவியோடு சேர்ந்து, இன்றைய வினையூக்கிகளில் உள்ள ஜியோலைட் படிகத்தையே குலைத்துவிடும். இதற்கும் கடைசியில் களிமண்தான் வந்தது. மெக்னீசியம் மிகுந்த களிமண்ணைப் பக்குவப்படுத்தி, தனித் துகள்களாகக் கலந்துவிடுகிறார்கள். வனேடியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ள, விலை உயர்ந்த வினையூக்கி தப்பிக்கிறது. முதலாளிக்கு வரும் அடியைக் காவலாளி வாங்குவது மாதிரி!

உலோகம் ஹூட்ரியையும் விடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தைப் பார்த்து, 1950-களில் கார் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக் கருவியை உருவாக்கினார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தார்கள். அது படிந்து கருவி செயலிழந்தது. 1962-ல் ஹூட்ரி இறந்தார். ஈயமில்லா பெட்ரோலும், அத்தகைய கருவி பொருத்திய கார்களும் அமெரிக்கச் சாலைகளில் பரவலாக வந்தது 1975 வாக்கில்தான்.